ஹெட்போனில் இடது பக்கம் மட்டும் பேஸ் இல்லை

நாலு நாள் தின்ற பிரச்சினை இது. இடது பக்கம் பேஸே (அந்தக் கனமான அடித்தொனி) இல்லை. கப்பைக் காதோடு அழுத்திப் பிடித்தாலும் வரவில்லை. ஈக்வலைசரில் பேஸ் பகுதியான 60 ஹெர்ட்ஸை ஏற்றினேன், கரகரப்புதான் மிச்சம். குஷன் மாற்றியும் பயனில்லை. பஞ்சு அடைத்ததில் குரல் மங்கியது.

கடைசியில் குஷனைக் கழற்றி, நாலு ஸ்க்ரூவையும் எடுத்து, விளக்கணைத்த அறையில் ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து போன் டார்ச் அடித்தேன். விளிம்பில் மயிரிழை வெளிச்சம், சுமார் 2 செ.மீ. பசை விட்டிருந்தது. ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிர். இடைவெளி வழியே கலந்தால் ஒன்றையொன்று அழிக்கும், முதலில் சாவது பேஸ்தான்.

பல்குச்சி முனையால் ஃபெவிபாண்ட் (ரப்பர் பசை) மெல்லிசாகத் தடவினேன். ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம்: உள்ளே ஓடி, ஸ்பீக்கரை அதிர வைக்கும் கம்பிச் சுருளான காயிலைப் பிடித்துவிடும், ஆவியும் வெள்ளையாகப் படியும். காந்தத்தின் பின்னால் உள்ள குட்டித் துளையை மூடாதீர்கள், அது காற்று போக வேண்டிய வழி. காயிலுக்குப் போகும் மெல்லிய கம்பியை இழுக்கவும் கூடாது.

காசிமேட்டு ஈரக் காற்றில் பசை காய ஒரு நாள் முழுக்க ஆனது. இப்போது இரண்டு பக்கமும் ஒரே பேஸ். நிம்மதி.