விளம்பர அழைப்புகளுக்கு முடிவு கட்டுவது எப்படி: பிளாக் செய்யும் முன் புகார் செய்யுங்கள்

தனிநபர் கடன் தருவதாக வரும் அழைப்பை எடுத்து, வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டு, அந்த எண்ணை பிளாக் செய்வதோடு நம்மில் பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறோம். மறுநாள் அதே கடன் வேறோர் எண்ணிலிருந்து வருகிறது. பிளாக் என்பது நம் கைப்பேசிக்குள் மட்டும் நடக்கும் காரியம்; அழைத்தவருக்கோ அவருக்கு இணைப்பு கொடுத்த நிறுவனத்துக்கோ அதனால் ஓர் இழப்பும் இல்லை. இந்தத் தொல்லை உண்மையாகவே குறைய வேண்டுமானால், அழைப்பவரின் இணைப்பைத் தொடும் வழியை நாம் பயன்படுத்த வேண்டும். அந்த வழி இந்தியாவில் ஏற்கெனவே இருக்கிறது. பலருக்கு அது தெரியாமல் இருப்பதுதான் வருத்தம்.

முதலில் டிஎன்டி, அதாவது ‘தொந்தரவு செய்யாதே’ என்று கோரும் பதிவு. உங்கள் எண்ணிலிருந்து 1909-க்கு, ஆங்கில எழுத்தில் ‘ஸ்டார்ட்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, 0 என்ற இலக்கத்தைச் சேர்த்துக் குறுஞ்செய்தி அனுப்பினால், எல்லா வகை விளம்பரங்களுக்கும் தடை கோரியதாகப் பதிவாகும். 1909-ஐ அழைத்தும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி செயலி வழியாகவும் இதைச் செய்யலாம். இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் இரண்டு எண்களையும் தனித்தனியே பதிய வேண்டும். ஓடிபியும், கணக்கிலிருந்து பணம் எடுத்ததைச் சொல்லும் வங்கிச் செய்தியும் இந்தத் தடைக்குள் வருவதில்லை என்பதால், அவை நின்றுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்து, எது முறையான அழைப்பு, எது முறைகேடானது என்று பிரித்தறியப் பழக வேண்டும். பதிவு பெற்ற விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்களும், வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருப்பதைக் கவனியுங்கள்: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. ஆனால் நம்மை அதிகம் படுத்தும் அழைப்புகள் 140, 1600 ஆகிய இரண்டு வரிசைகளிலும் வருவதில்லை. நம்முடையதைப் போன்ற சாதாரணப் பத்து இலக்க எண்களிலிருந்தே வருகின்றன. அப்படிப் பதிவு பெறாத எண்ணிலிருந்து விற்பனைக்காக அழைப்பதே விதிமீறல். நீங்கள் டிஎன்டியில் பதிந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் பற்றிப் புகார் செய்யலாம்.

இந்தப் புகாரில்தான் உங்கள் முழுக் கவனமும் வேண்டும். 2018-இல் டிராய் கொண்டுவந்த வணிகத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை விதிகள் 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்டன. முன்பு மூன்று நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டியிருந்தது. இப்போது ஏழு நாட்கள் அவகாசம் உண்டு. பதிவு பெறாத ஓர் எண்ணுக்கு எதிராகப் பத்து நாட்களில் ஐந்து புகார்கள் சேர்ந்தாலே நடவடிக்கை தொடங்க வேண்டும். மீறல் உறுதியானால் முதல் முறை 15 நாட்களுக்கு வெளியழைப்பு வசதி நிறுத்தப்படும். மீண்டும் மீறினால் இணைப்புகள் ஓராண்டுக்குத் துண்டிக்கப்படும். ஒரே எண்ணிலிருந்து ஒரு நாளில் எத்தனை பேரை அழைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அவர்களில் ஐந்தே பேர் புகார் அனுப்புவது எவ்வளவு எளிது என்று விளங்கும். பிளாக் செய்துவிட்டு ஒதுங்கும் ஒவ்வொருவரும் அந்த ஐந்தில் ஒன்றைக் குறைத்துவிடுகிறார் என்றே நான் கருதுகிறேன்.

புகாருக்குத் தேவையானவை மூன்றே: அழைத்த எண், தேதி, பேசியதன் சுருக்கம். ஆகவே அழைப்பு வந்ததும் கோபத்தில் வைத்துவிடாமல், “எந்த கம்பெனியிலிருந்து பேசுறீங்க, என்ன விஷயமா?” என்று மட்டும் கேட்டு, பதிலை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு டிஎன்டி செயலியைத் திறந்தால் அண்மைய அழைப்புகளின் பட்டியலிலிருந்தே அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க முடியும். “மனை விற்பனை, தாம்பரம் அருகே, என் சம்மதம் பெறவில்லை” என்ற அளவுக்கு ஒரு வரி எழுதினால் போதும். செயலி ஒத்துவராதவர்கள் 1909-ஐ அழைத்தே சொல்லலாம். புகார் எண் வந்த பிறகு தாராளமாக பிளாக் செய்யுங்கள். வங்கி அதிகாரி, கூரியர் நிறுவனம், காவல் துறை என்று பொய் சொல்லி வரும் அழைப்புகள் வேறு ரகம். அவற்றை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்ஷு’ பகுதியில் தெரிவிக்க வேண்டும். பணமே போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

இனி, எண் வெளியே போகும் இடத்துக்கு வருவோம். துணிக்கடையிலோ சூப்பர் மார்க்கெட்டிலோ பில் போடுபவர், பொருளை ஸ்கேன் செய்யும் முன்பே விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு “நம்பர் சொல்லுங்க சார்” என்கிறார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். “நம்பர் வேண்டாம்மா, பேப்பர் பில் போதும்” என்று தன்மையாகச் சொல்லுங்கள். எண் இல்லாமல் பில் வராது என்று மறுத்தால் மேலாளரைக் கேளுங்கள்; வாடிக்கையாளரின் எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023-இலேயே அறிவுறுத்தியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டி போல வாரண்டி உள்ள பொருளுக்கு எண் கொடுப்பதில் நியாயம் உண்டு. அரை கிலோ மைசூர்பாகுக்கு இல்லை. பரிசுக் குலுக்கல், உறுப்பினர் அட்டை ஆகியவற்றின் படிவங்களில் கையெழுத்துக்கு மேலே உள்ள சிறிய எழுத்துகளை அவசியம் படியுங்கள், ஏனெனில் நீங்களே வெளிப்படையாகச் சம்மதம் கொடுத்த நிறுவனத்துக்கு டிஎன்டி தடை பொருந்தாது.

கைப்பேசியிலும் சில வேலைகள் உண்டு. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் என்ற வரிசையில் சென்று விளம்பர ஐடியை, அதாவது விளம்பரங்களுக்காக உங்கள் கைப்பேசியை அடையாளம் காட்டும் குறியீட்டை, அழித்துவிடலாம். மாடலுக்கு ஏற்ப பிரைவசி பகுதியிலும் இது இருக்கும். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியின் கீழுள்ள டிராக்கிங்கை அணைத்துவிடலாம். இதனால் விளம்பரங்கள் நிற்காது. ஒரு செயலியில் நீங்கள் பார்த்ததை இன்னொரு செயலியில் பார்த்ததோடு சேர்த்துத் தைப்பது கடினமாகும், அவ்வளவே. ஒளிவிளக்குச் செயலி தொடர்புப் பட்டியலைக் கேட்டால் அனுமதி மறுக்கலாம். அதைவிட அந்தச் செயலியையே நீக்குவது நல்லது.

வீட்டுப் பெரியவர்களின் போனில் “உங்கள் போனில் வைரஸ் உள்ளது” என்று அடிக்கடி அறிவிப்பு வந்தால் பயப்பட வேண்டாம். எப்போதோ ஒரு செய்தித்தளம் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டபோது ‘அலோ’ (அனுமதி) என்பதைத் தொட்டிருப்பார்கள். பெரும்பாலும் அதன் விளைவுதான் இது. குரோமில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் தெரியும். பெயர் புரியாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். அப்படியே அவர்கள் போனில் கடன் செயலி ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொடர்புப் பட்டியல், அழைப்பு விவரம், புகைப்படங்கள் ஆகியவற்றைக் கடன் செயலிகள் தொடக் கூடாது என்பது 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை. அவற்றைக் கேட்கும் செயலி எந்த வங்கியின் பெயரைச் சொன்னாலும், அனுமதிகளை முதலில் ரத்து செய்து, கடன் நிலுவை இருந்தால் அந்த வங்கியையே நேரடியாகத் தொடர்புகொண்டு விசாரித்து, அதன் பிறகு செயலியை நீக்குங்கள்.