ஒரு 'கே' எழுத்தில் நின்ற நிதியுதவி

2021 மே, கொரோனா இரண்டாம் அலை. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் மூடி, லைன் வீடுகளில் முடங்கிய குடும்பங்களுக்கு எங்கள் சிறிய அறக்கட்டளை அரிசி, பருப்பு கொடுத்து வந்தது. நிதி தர ஒரு நிறுவனம் முன்வந்தது. தொண்டு நிறுவனங்களுக்கான அரசுத் தளமான தர்ப்பணில் பதிந்து வாங்கும் எண்ணும், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியை (சிஎஸ்ஆர்) வாங்க அந்த ஏப்ரல் 1 முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவும் கேட்டார்கள்.

12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சலுகைப் பதிவுகள் கையில் இருந்தன. தர்ப்பண் தளமோ எங்கள் பான் விவரத்தை ஏற்கவே இல்லை. நெட்டை மாற்றினோம், வேறு கணினியில் போட்டோம். ஆறு நாள் போனது.

அப்புறம் பான் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். 'அறக்கட்டளை'யின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு 'கே'. லெட்டர்பேடைப் பார்த்து நாங்கள் இரண்டு போட்டிருந்தோம்! அட்டையில் உள்ளபடியே அடித்ததும் ஏற்றுக்கொண்டது. அப்பாடா என்றிருந்தது. சிஎஸ்ஆர்-1 படிவத்தையும் அதே எழுத்துக்கூட்டலில் நிரப்பி ஆடிட்டரிடம் சான்று வாங்கினோம்.