பிக்கப் வண்டியின் மீட்டரையும் ஸ்டீயரிங் பொத்தான்களையும் மேம்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே மாடல் பிக்கப் வண்டியின் அடிப்படை வகையில் இரண்டு முள் மீட்டர்களும் நடுவே ஒரு சிறிய திரையும் இருக்கும். உயர் வகையில் பெரிய வண்ணத் திரையும், ஸ்டீயரிங்கில் ஒலியளவு, தொலைபேசி, வண்டியின் வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் ஆகியவற்றுக்கான பொத்தான்களும் இருக்கும். இரண்டுக்கும் டாஷ்போர்டு ஒன்றே என்பதால், பழைய மீட்டரைக் கழற்றிய இடத்தில் புதியது திருகுத் துளை முதற்கொண்டு பொருந்திவிடுகிறது; கம்பிகளை இணைக்கும் பின்புறக் கப்ளரும் ‘க்ளிக்’ என்ற ஓசையோடு உட்கார்ந்துவிடுகிறது. இந்த வேலையில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஓசையை நம்புவதில்தான் தொடங்குகின்றன. கப்ளரின் வடிவம் ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. எந்த ஊசிக்கு எந்தக் கம்பி வருகிறது என்பதையோ, வண்டியின் மற்றக் கணினிகள் இந்தப் புதிய மீட்டரை ஏற்றுக்கொள்ளுமா என்பதையோ அது சொல்வதில்லை.

ஆகவே, வாங்குவதற்கு முன்பே பாக எண்ணையும் இரு வகைகளுக்கும் உரிய வயரிங் வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். டீசல் வண்டியின் மீட்டரில், குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் க்ளோ பிளக்கின் விளக்கும், எரிபொருளில் தண்ணீர் சேர்ந்திருப்பதைக் காட்டும் விளக்கும் உண்டு. பெட்ரோல் வண்டியின் மீட்டரில் அவை இருப்பதில்லை. அழகாக இருக்கிறதே என்று பெட்ரோல் மீட்டரை டீசல் வண்டியில் பொருத்தியவருக்கு, வடிகட்டியில் தண்ணீர் நிறைந்தாலும் எச்சரிக்கை வராது. இன்ஜெக்டர் கெட்ட பிறகே அவருக்கு விஷயம் தெரியவரும். எரிபொருள் டாங்கியின் அளவும், அதனுள் மிதக்கும் சென்சாரின் மின்தடை வரம்பும் மாறுபட்டால், பாதி டாங்கி இருப்பதாக முள் காட்டும்போது உண்மையில் கால் பங்குதான் இருக்கக்கூடும். கியர் வகை, கிலோமீட்டர் அல்லது மைல் என்ற அளவுமுறை, நான்கு சக்கர இயக்க விளக்குகள் ஆகியவற்றையும் இதே கண்ணோடு சரிபார்க்க வேண்டும்.

அடுத்த தவறு, மீட்டரை வெறும் காட்சிப் பொருளாக நினைப்பது. இன்றைய வண்டிகளில் மீட்டரும் ஒரு கணினியே. போஷ் நிறுவனம் 1986இல் அறிமுகப்படுத்திய ‘கேன்’ எனும் தகவல் வலையமைப்பின் இரண்டு முறுக்கிய கம்பிகள் வழியாகவே அது இன்ஜின், பிரேக், ஏர்பேக் கணினிகளோடு பேசுகிறது. அந்தக் கம்பிகளின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்க வேண்டும். சில வண்டிகளில் அவற்றுள் ஒன்று மீட்டருக்குள்ளேயே அமைந்திருக்கும். பாட்டரியைத் துண்டித்துவிட்டு, வண்டிக் கணினிகளைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டின் 6ஆம், 14ஆம் ஊசிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தால், கேன் கம்பிகள் நேரடியாக அங்கே வந்து சேரும் வண்டிகளில் ஏறக்குறைய 60 ஓம் காட்டும். பழைய மீட்டரோடு 60 காட்டிய வண்டி, புதியதைப் பொருத்திய பின் 120 காட்டினால், ஒரு முனையின் மின்தடை காணாமல் போயிருக்கிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால் பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எப்போதாவது எரியும், எப்போதாவது முட்கள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழும். காரணம் புரியாமல் நல்ல சென்சார்களை மாற்றிக்கொண்டிருப்போம். வேலைக்கு முன்னும் பின்னும் இந்த அளவை எடுக்க இரண்டு நிமிடம் போதும்.

வேறொரு பழைய வண்டியிலிருந்து எடுத்த மீட்டர் என்றால், அதனுள் அந்த வண்டியின் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். சில தயாரிப்புகளில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் விவரமும் மீட்டருக்குள்தான் இருக்கிறது. அந்த வண்டிகளில் வேறு மீட்டரை மாட்டினால் இன்ஜின் உயிர்பெற்ற மறுகணமே அணைந்துவிடும், அல்லது உயிர்பெறவே செய்யாது. எனவே பழைய மீட்டரைக் கழற்றும் முன், அதன் அமைப்பு விவரங்களை ஸ்கேனர் மூலம் படித்துச் சேமிப்பதும், ஓடோமீட்டரைத் தெளிவாகப் படம் எடுத்துத் தேதியோடு குறித்து வைப்பதும் கட்டாயம். புதிய மீட்டரில் உண்மையான தூரத்தைத் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பதிவேற்றி, மாற்றிய செய்தியை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். தூரத்தைக் குறைத்துக் காட்டுவது பல நாடுகளில் குற்றம். அடுத்து வாங்குபவரை ஏமாற்றுவது என்பதால், சட்டம் இல்லாத இடத்திலும் அது தவறே. பதிவேற்றும் வேலையைத் தளர்ந்த பாட்டரியோடு தொடங்குவதும் ஆபத்து. மின்னழுத்தம் பாதியில் சரிந்தால் மீட்டர் பயனற்றுப் போகலாம் என்பதால், நிலையான மின்சாரம் தரும் சார்ஜரை இணைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டீயரிங் பக்கம் வரும்போது தவறின் விலை உயர்ந்துவிடுகிறது, ஏனெனில் பொத்தான்களுக்கு நடுவில் இருப்பது ஏர்பேக். பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய உடனே வேலையைத் தொடங்கக் கூடாது. ஏர்பேக் கணினியில் விபத்து நேரத்துக்கெனச் சேமித்து வைக்கப்பட்ட மின்னாற்றல் வடியும் வரை, அந்த வண்டியின் சேவைக் கையேடு சொல்லும் நிமிடங்கள் முழுவதும் காத்திருக்க வேண்டும். ஏர்பேக்கின் மஞ்சள் கப்ளரில் மல்டிமீட்டரையோ சோதனை விளக்கையோ வைக்கவே கூடாது. மல்டிமீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமும் ஏர்பேக்கை வெடிக்க வைக்கக்கூடும். கழற்றிய ஏர்பேக்கை மூடி மேல்நோக்கி இருக்கும்படி வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்த ஏர்பேக் தவறுதலாக வெடித்தால், அது கூடத்தின் மறுகோடிக்குப் பறந்து போய் விழும்.

பழைய ஸ்டீயரிங்கை அதன் ஏர்பேக்கோடு சேர்த்து வாங்குவதை நான் எப்போதும் எதிர்ப்பேன். டக்காட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தது. 2018 ஜனவரியில் ஃபோர்டு நிறுவனம், 2006ஆம் ஆண்டு ரேஞ்சர் பிக்கப்களில் சுமார் 2,900 வண்டிகளின் உரிமையாளர்களிடம் இதே காரணத்துக்காக வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. எந்த வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாத ஏர்பேக்குக்கு அத்தகைய திரும்பப்பெறும் அறிவிப்பு உண்டா என்று தேடிப் பார்க்கவும் வழியில்லை. பொத்தான்களை மட்டும் வாங்கி, சொந்த ஏர்பேக்கையே திரும்பப் பொருத்துவது நல்லது. வடிவம் இடம் தராவிட்டால் புதியதை வாங்க வேண்டும்.

ஸ்டீயரிங்கைத் தண்டிலிருந்து இழுக்கும்போது நடு நட்டை முழுவதும் கழற்றிவிடக் கூடாது. சில சுற்றுகள் மிச்சம் வைத்தால், பிடி விட்டு வரும் சக்கரம் முகத்தில் மோதாமல் நின்றுவிடும். தண்டின் தலையில் சுத்தியலால் அடிப்பது, விபத்தில் மடங்கிக் கொடுக்க வேண்டிய ஸ்டீயரிங் தண்டமைப்பையே கெடுத்துவிடும்.

அதன் பின்னால் தெரியும் தட்டையான வட்டப் பெட்டிதான் கிளாக் ஸ்பிரிங். திறந்து பார்த்தால், பிலிம் சுருள் போன்ற மெல்லிய நாடா ஒன்று வளையமாகச் சுற்றியிருக்கும். ஏர்பேக், ஹார்ன், பொத்தான்கள் அனைத்துக்கும் மின்சாரம் அந்த நாடா வழியாகவே சுழலும் ஸ்டீயரிங்குக்குச் செல்கிறது. முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போது சுருளும் நடுநிலையில் இருக்க வேண்டும். கழற்றி வைத்த நேரத்தில் அதை யாரேனும் விளையாட்டாக இரண்டு சுற்று சுற்றிவிட்டால், பொருத்திய அன்று எல்லாம் சரியாக வேலை செய்யும். முதல்முறை ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பும்போது நாடா அறுந்துவிடும். ஹார்ன் நின்று, பொத்தான்கள் செத்து, ஏர்பேக் விளக்கு எரிவது மூன்றும் ஒன்றாக நேர்ந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடிப்படை வகை வண்டியின் கிளாக் ஸ்பிரிங்கில் பெரும்பாலும் ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் மட்டுமே கம்பிகள் இருக்கும். பொத்தான்களை மட்டும் வாங்கி வந்து, இணைக்கக் கம்பி இல்லாமல் நிற்பவர்கள் பலர். ஏர்பேக் கம்பியை வெட்டி ஒட்டி வழி செய்துகொள்ளாமல், உரிய கிளாக் ஸ்பிரிங்கையே வாங்க வேண்டும். பொத்தான்களிலும் இரு வகை உண்டு. ஒன்றில் ஒவ்வொரு பொத்தானுக்கும் வெவ்வேறு மின்தடை இருக்கும். மறுமுனையில் உள்ள கருவி மின்னழுத்தத்தை வைத்து எந்தப் பொத்தான் என்று கண்டுகொள்ளும். மற்றது ‘லின்’ எனும் ஒற்றைக் கம்பித் தகவல் முறையில் பேசும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாது.

க்ரூஸ் கன்ட்ரோல் பொத்தான் வந்துவிட்டால் க்ரூஸ் வந்துவிட்டதாகாது. இன்ஜின் கணினியில் அந்த வசதி இயக்கப்பட வேண்டும். பிரேக் மிதியின் சுவிட்சும், கையால் கியர் மாற்றும் வண்டியானால் கிளட்ச் சுவிட்சும் சரியான சைகையைத் தர வேண்டும். அந்தச் சைகைகளைக் குறுக்கிணைப்பு போட்டு ஏமாற்றுபவர், ஆபத்தில் வண்டியை க்ரூஸிலிருந்து விடுவிக்கும் முக்கிய வழியை அடைத்துவிடுகிறார்.

எல்லாம் பொருத்தியபின் இக்னிஷனைத் திருப்பி, எண்ணெய், சார்ஜ், ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் ஒவ்வொன்றும் முதலில் எரிகிறதா, இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். எரியாத விளக்கும் பழுதுதான். ஸ்டீயரிங் கோண சென்சாரை ஸ்கேனரால் பூஜ்யப்படுத்தி, வேகத்தை ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டு, வெற்றுச் சாலையில் க்ரூஸை இயக்கிப் பிரேக்கை லேசாகத் தொட்டதும் அது விடுபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். சில மாதங்கள் ஓட்டிப் பார்க்கும் வரை, பழைய மீட்டரை அதன் பதிவுகளோடு உறையிட்டுப் பத்திரமாக வைத்திருங்கள்.