சீசனுக்கு முன்னால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: மலைக்கடை முதலாளிகளுக்கு

ஊட்டியிலோ குன்னூரிலோ சாக்லேட், வர்க்கி, டீத்தூள், தைலம் விற்கும் கடை என்றால் ஏப்ரலும் மேயும் தலைக்கு மேல் வேலை. புது ஆட்களைச் சேர்ப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். கற்றுக்கொடுக்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. மலர்க் கண்காட்சிக் கூட்டம் கவுண்டரை மொய்க்கும்போது, "நகரு, நானே பாத்துக்கறேன்" என்றுதான் வாயில் வரும். ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குங்கள். தவறினால் ஜூன், ஜூலை மழையில். செப்டம்பர், அக்டோபரின் இரண்டாம் சீசனுக்காவது கை கொடுக்கும்.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். கல்லா பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, கடையாட்கள் உங்களிடம் கேட்பதை எல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். "அக்கா, பத்து பாக்ஸ் எடுக்கறாங்களாம், எவ்ளோ குறைக்கலாம்?" "வேன் டிரைவர் கமிஷன் கேக்கறாரு, குடுக்கவா?" "பாக்ஸ் தீரப்போவுது." வாரக் கடைசியில் பார்த்தால் நாலைந்து கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். முதலில் கைமாற வேண்டியவை அவைதான். நமக்குப் பிடிக்காத வேலையைத் தள்ளிவிடத்தான் மனசு சொல்லும். அது பெரும்பாலும் கணக்காக இருக்கும். கணக்கைக் கடைசியில்தான் கொடுக்க வேண்டும்.

கொடுக்கும் வேலைக்கு எல்லை இருக்க வேண்டும், அதுவும் எண்ணில். "பாத்து செய்" என்று சொன்னால் பாதி நாள் போன் அடித்துக்கொண்டே இருக்கும். 1,000 ரூபாய்க்கு மேல் பில் போனால் 5 சதவீதம் வரை கேட்காமலே குறைக்கலாம். சில்லறைச் செலவு 500 ரூபாய் வரை சீட்டு எழுதிவைத்து எடுக்கலாம் என்கிற மாதிரி. தொகை உங்கள் கடைக்குத் தக்கபடி. டிரைவர் கமிஷன் தருவீர்களா மாட்டீர்களா, தந்தால் எவ்வளவு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். கவுண்டரில் நிற்கும் பையன் அதை டிரைவரோடு பேரம் பேசி முடிக்க முடியாது.

சரக்குக்கும் இதே முறைதான். ஒரு நாளைக்கு 4 கிலோ காம்பவுண்ட் சாக்லேட் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது) செலவாகிறது, கோவையிலிருந்து வர 3 நாள் ஆகிறது என்றால், 12 கிலோவுக்குக் குறையும் முன்பே ஆர்டர் போயிருக்க வேண்டும். மண் சரிந்து மலைப்பாதை அடைபடும் மழை மாதங்களில் இன்னும் 2 நாள் சேர்த்து 20 கிலோ. அந்த உயரத்தில் ரேக்கில் சிவப்பு டேப் ஒட்டிவிட்டால் எண்ணவே வேண்டாம், டேப் தெரிந்தால் ஆர்டர். பேக்கிங் சாமான் வாங்கும் பொறுப்பைக் கொடுக்கும்போது, நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். கீழே மலிவாகக் கிடைக்கிறதே என்று கவரை வாங்கி வந்துவிட்டால் அபராதம் உங்கள் தலையில்தான்.

சாக்லேட் உருக்குவதை வாயால் மட்டும் சொல்லி ஒப்படைக்க முடியாது. இரண்டு மூன்று ஈடு நீங்கள் செய்ய அவர் பார்க்கட்டும். அடுத்த சில ஈடு அவர் செய்ய நீங்கள் பாருங்கள். பிறகு தனியாக விட்டுவிட்டு, அச்சிலிருந்து எடுத்ததை மட்டும் பாருங்கள். அடுப்புக்கு மேலே ஓர் அட்டை தொங்கட்டும்:

அடிப்பாத்திரத் தண்ணீர் தளதளவெனக் கொதிக்கக் கூடாது, மேல்பாத்திரத்தின் அடியைத் தொடவும் கூடாது. அதிகச் சூட்டில் அடிப்பிடித்துக் கருகும்.
மேல்பாத்திரத்தைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டே வைக்கவும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சர்க்கரை அதை இழுத்துக்கொள்ள, சாக்லேட் மண் மாதிரி திரண்டுவிடும்.
தெர்மாமீட்டரில் 45 டிகிரி வந்ததும் அடுப்பை அணைக்கவும்.
திரண்டுவிட்டால் கொட்ட வேண்டாம், தனியே எடுத்துவைத்துச் சொல்லவும். சூடான பால் சேர்த்து சாஸ் ஆக்கிவிடலாம்.

இரண்டாவது வரிதான் இங்கே அதிகம் தவறுவது. பனிமூட்ட நாட்களில் ராத்திரி கழுவிக் கவிழ்த்த பாத்திரம் காலையிலும் ஈரமாகவே இருக்கும். அதனால்தான் அட்டையில் காரணத்தையும் எழுதுகிறோம். காரணம் தெரியாத விதியை நீங்கள் இல்லாத நாளில் யாரும் மதிப்பதில்லை. அட்டையில் உள்ளது காம்பவுண்டுக்கு. அசல் கோகோ வெண்ணெய் சாக்லேட்டை உருக்கும் வேலையை இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். டார்க் என்றால் 45 முதல் 50 வரை சூடாக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றி ஊற்ற வேண்டும். பிசகினால் மேலே வெள்ளை பூக்கும்.

ஒரு வேலைக்கு ஒரே ஆள். இரண்டு பேரிடம் சொன்னால் அவர் செய்வார் என்று இவர், இவர் செய்வார் என்று அவர். ஆனால் மாற்றாள் ஒருவருக்கும் அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் யாராவது லீவு போவார்கள். முதல் மாதம் வேலை மெதுவாகத்தான் நடக்கும். அதைப் பார்த்துப் பொறுக்காமல் கையிலிருந்து பிடுங்கினீர்களானால் அத்தோடு போச்சு, அடுத்த முறை அவர் தொடவே மாட்டார். தப்பு நடந்தால் முதலில் அட்டையைப் படித்துப் பாருங்கள். பாதி நேரம் குறை அங்கேதான் இருக்கும்.

யுபிஐ பின், ஓடிபி, செக் புத்தகம், சம்பளம் உங்களிடமே இருக்கட்டும். பணம் வந்ததா என்று தெரிய கவுண்டரில் ஒரு சவுண்ட் பாக்ஸ் போதும். க்யூஆர் ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தினம் காலையில் ஒரு பார்வை. ராத்திரி கல்லாவை எண்ணி, காலையில் போட்ட சில்லறையைக் கழித்து, சீட்டு எழுதி எடுத்த செலவையும் யுபிஐயையும் கார்டையும் சேர்த்தால் பில் மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். பில் போடுகிறவரே ஸ்டாக்கையும் எண்ணக் கூடாது.

இனி, நீங்கள் இல்லாமல் கடை நடக்கிறதா என்று ஓர் ஒத்திகை. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழி ஏற்றம், கோத்தகிரி வழி இறக்கம் என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். சரக்கெடுக்கப் போனால் அன்றைய பொழுது ரோட்டிலேயே போய்விடும். அதனால் பிப்ரவரியில் கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை நீங்களாகவே கீழே இறங்குங்கள். யாருக்காவது அடிபட்டாலோ, தீப்பிடித்தாலோ, தொகை எல்லை தாண்டினாலோ மட்டும் போன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அதையும் மீறி வந்த ஒவ்வொரு போனும் அட்டையில் விட்டுப்போன ஒரு வரி. ராத்திரியே அதை எழுதிச் சேர்த்துவிட்டு, அடுத்த செவ்வாய் மறுபடி இறங்குங்கள்.