முதல் அடி பின்னால்

பேஸ்பால் போன்ற ஆட்டமான சாஃப்ட்பாலில், எங்கள் அணியின் அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில், நிற்கும் பெண்களின் தலைக்கு மேலே பந்து பறந்துகொண்டே இருந்தது. வேகம் போதவில்லை என்று நினைத்து ஓடவிட்டேன். பலனில்லை. ஒருநாள் பந்தை விட்டுவிட்டு அவர்களுடைய கால்களை மட்டும் கவனித்தேன். மட்டையில் பட்ட சத்தம் கேட்டதுமே எல்லோரும் முன்னால் ஓரடி வைத்தார்கள். பிறகு உடம்பைத் திருப்பாமல் பின்பக்கமாகவே தடுமாறினார்கள்.

பந்தையே எடுத்து வைத்துவிட்டேன். நான் கைகாட்டும் பக்கத்துக் காலைப் பின்னால் வைத்து, இடுப்பைத் திருப்பி ஓட வேண்டும். கையுறையை நீட்டியபடி ஓடினால் வேகம் குறையும், கடைசி நொடியில் உயர்த்தினால் போதும். இரண்டு வாரம் இதேதான். அப்புறம் கையால் எறிந்த பந்து, அதற்குப் பிறகே மட்டை.

இப்போது எறிதலைத் திருத்துகிறேன். எதிரணி ஓடித் தொடும் பேஸ்களுக்கு நடுவே 60 அடிதானே, பிடித்தபின் யோசிக்க நேரமே கிடையாது.