மலை மைதானத்தில் கோல்ஃப்: எங்கே துணியலாம், எங்கே அடங்கி ஆட வேண்டும்

ஊட்டி ஜிம்கானா கிளப்பின் மைதானமாகட்டும், வெலிங்டன் மைதானமாகட்டும், 1895-இல் தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பாகட்டும், சமவெளியில் ஆடிப் பழகிய கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மலையேறி வருபவரின் ஸ்கோர் கார்டு முதல் நான்கைந்து குழிகளிலேயே கெட்டுவிடுகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணம் அவருடைய ஆட்டத்திறன் அல்ல. துணிய வேண்டிய இடத்தில் பின்வாங்குவதும், அடங்க வேண்டிய இடத்தில் குழியில் நட்ட கொடியைப் பார்த்தே அடிப்பதும்தான் காரணம்.

துணிச்சலையும் நிதானத்தையும் ஆளின் குணமாகப் பேசுவது கிளப் வராந்தாவின் வழக்கம். மைதானத்தில் அந்தப் பேச்சுக்கு வேலை இல்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்பும் இரண்டே கேள்விகளுக்கு விடை தெரிந்தால் போதும்: நான் சரியாக அடிக்காவிட்டால் பந்து எந்தப் பக்கம் போய் விழும்? அங்கிருந்து மீண்டு வர எத்தனை ஷாட் செலவாகும்? நன்றாக அடித்தால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொடி அதை ஆடிக்கொண்டே சொல்லும்.

முதலில் உங்கள் சிதறலை அறிந்துகொள்ளுங்கள்

பயிற்சித் திடலில் ஏழாம் எண் அயர்னால் (நடுத்தரத் தூரத்துக்கான இரும்புத்தலை மட்டை) இருபது பந்துகளை ஒரே குறியைப் பார்த்து அடியுங்கள். அதில் மிகச் சிறந்த மூன்றையும் மிக மோசமான மூன்றையும் மறந்துவிட்டு, மீதிப் பந்துகள் இடவலமாக எவ்வளவு அகலத்துக்கும் முன்பின்னாக எவ்வளவு நீளத்துக்கும் சிதறிக் கிடக்கின்றன என்று நடந்தே அளந்து பாருங்கள். அந்தப் பரப்புதான் உங்கள் உண்மையான ஏழாம் எண் அயர்ன். பெரும்பாலானவர்கள் தங்கள் வாழ்நாளின் சிறந்த அடியைத் தங்களின் வழக்கமான தூரம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். குழி இருக்கும் வழவழப்பான புல்தரையான கிரீனுக்கு முன்னால் உள்ள பங்கர் என்னும் மணல்பள்ளத்திலும் ஓடையிலும் விழும் பந்துகளில் பாதிக்கு இந்த நம்பிக்கைதான் பொறுப்பு.

அளந்த பிறகு குறி வைக்கும் முறையே மாறிவிடும். கொடி கிரீனின் வலது ஓரத்தில், சரிவை ஒட்டி நின்றால், கொடியை நோக்கி அடிக்கும் பந்துகளில் ஏறக்குறைய பாதி சரிவில் உருளும். அதே சிதறல் பரப்பை இடப்பக்கம் நகர்த்தி கிரீனின் நடுவில் வைத்துப் பாருங்கள். மோசமான பந்துகூட கிரீனின் ஓரத்திலோ அதை ஒட்டிய புல்லிலோ நிற்கும். நல்ல பந்து இருபதடி பட்டிங்கை, அதாவது கிரீனில் குழியை நோக்கி உருட்டும் அடியைத் தரும். இதைக் கோழைத்தனம் என்று சொல்பவரின் ஸ்கோர் கார்டை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

தப்புக்கு என்ன விலை

எல்லாத் தப்பும் ஒரே விலையில் வருவதில்லை. கத்தரித்த புல்தரையான ஃபேர்வேக்கும் ஓரத்து உயரப் புல்லான ரஃபுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஷாட்டில் சிறு பங்குதான். சிவப்புக் குச்சி நட்ட ஓடைக்குள் போனால் ஒரு பெனால்ட்டி, அதாவது கணக்கில் கூடும் ஒரு ஷாட். எல்லைக்கு வெளியே போனாலோ பந்து தொலைந்தாலோ பெனால்ட்டி ஒன்று, போன தூரமும் போயிற்று. பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். தேடுவதற்கு 2019 முதல் மூன்று நிமிடம்தான் உண்டு. ஆகவே சந்தேகம் வந்த உடனேயே, நடக்கத் தொடங்கும் முன்பு, 'புரவிஷனல் (தற்காலிகப்) பந்து ஆடுகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லி இன்னொன்றை அடித்துவிடுவது நல்லது.

ஊட்டி மைதானத்தில் மஞ்சளாகப் பூக்கும் கோர்ஸ் (gorse) என்னும் முட்புதர் இந்த விலைப்பட்டியலில் தனி இடம் பெறும். தூரத்திலிருந்து பார்க்கையில் அழகான பூப்புதர். கிட்டப் போனால் இலை என்று ஒன்று தெரியாது, முழுவதும் ஊசிமுள். பந்து அடியில் வெள்ளையாகத் தெரிந்தாலும் கையை நுழைக்க முடியாது. ஆட முடியாத பந்து என்று அறிவித்து ஒரு பெனால்ட்டியுடன் இரண்டு கிளப் (மட்டை) நீளத்துக்குள் ட்ராப் செய்ய, அதாவது பந்தைக் கையிலிருந்து கீழே விட, விதி இடம் தருகிறது; ஆனால் புதர் பெரிதாக இருந்தால் அந்த இரண்டு கிளப் நீளமும் புதருக்குள்ளேயே முடிந்துவிடும். அப்போது கொடிக்கும் பந்துக்கும் நேர்கோடு பிடித்துப் பின்னால் போக வேண்டும், அல்லது முந்தைய இடத்துக்கே திரும்ப வேண்டும். புதர் இருக்கும் பக்கத்தை ஓடையைவிட மோசமான பக்கமாகவே நான் எண்ணுவேன்.

இதை எண்ணாகப் போட்டுப் பார்ப்போம். பார் 5 குழி, அதாவது ஐந்து ஷாட்டில் முடிக்க வேண்டிய குழி. உங்களுக்கு இரண்டாவது ஷாட். கிரீனுக்கு முன்னால் ஓடை. தாண்டினால் அந்த ஷாட்டும் இரண்டு பட்டிங்குமாக மூன்றில் முடியும். ஓடையில் விழுந்தால் அந்த ஷாட், பெனால்ட்டி, ட்ராப் செய்து கிரீனுக்கு ஒன்று, பட்டிங் இரண்டு, ஆக ஐந்து. ஓடைக்கு முன்பே பந்தை நிறுத்தி, அதாவது லே-அப் செய்து ஆடினால் நான்கு; கிரீனுக்கான குறுந்தூர வெட்ஜ் ஷாட் சில சமயம் சொதப்பும் என்பதால் சராசரி 4.2 என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கில் பத்துக்கு நான்கு முறை தாண்ட முடிந்தால் இரண்டு வழியும் சமம். ஐந்து முறை தாண்டுபவர் தாராளமாக அடிக்கலாம். அவரிடம் அடங்கி ஆடச் சொல்வது தவறான அறிவுரை.

அதே இடத்தில் ஓடைக்குப் பதிலாக எல்லைக்கோடு இருந்தால் கதை வேறு. தவறினால் ஒரு ஷாட், ஒரு பெனால்ட்டி, பிறகு பழைய இடத்திலிருந்தே 4.2 என்று மொத்தம் 6.2 ஆகிறது. இப்போது சமநிலைக்கு வரவே பத்துக்கு ஆறு முறைக்கு மேல் வெற்றி பெற வேண்டும். அதே தூரம், அதே கிளப், அதே ஆள்; எதிரில் இருக்கும் ஆபத்தின் வகை மாறியது மட்டுமே முடிவைத் திருப்பிவிட்டது.

மலை சேர்க்கும் கணக்கு

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்குச் சற்று மேல். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். எதிர்ப்புக் குறைவதால் பந்து கூடுதல் தூரம் போகும்: சென்னையில் 150 கெஜம் பறக்கும் அயர்ன் இங்கே ஏறக்குறைய 160 கெஜம் பறக்கும். காற்று மெலிந்திருப்பதால் பந்து பக்கவாட்டில் வளைவதும் கொஞ்சம் குறையும். ஆனால் கிரீனில் வந்து விழும் பந்து செங்குத்தாக இறங்காமல் தாழ்வாக இறங்குவதால் நிற்காமல் ஓடும். கொடிக்குப் பின்னால் சரிவு இருந்தால் இதை மறக்கவே கூடாது.

மார்கழி, தை மாதக் காலைகளில் உறைபனி படிந்த புல்லில் தொடங்கும் ஆட்டத்துக்கு இந்தக் கூடுதல் தூரம் முழுதாகக் கிடைக்காது. குளிர்ந்த பந்து துள்ளாது. குளிர்காற்று அடர்த்தி மிகுந்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்ட தோள் முழுதாகச் சுழலாது. எட்டு மணிக்கு ஓடையைத் தாண்டத் துணியாத கிளப் பதினொரு மணிக்குத் தாராளமாகத் தாண்டும். மழைக்காலத்தில் ஃபேர்வே ஊறிக் கிடப்பதால் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், சில சமயம் மண்ணில் புதைந்தும் போகும். புதைந்த பந்தைப் பெனால்ட்டி இல்லாமல் எடுத்து ட்ராப் செய்யலாம் என்பது ஃபேர்வேக்கு மட்டுமின்றி ரஃபுக்கும் பொருந்தும்.

சரிவு இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் அது இடப்பக்கம் இழுக்கும். தாழ்வில் இருந்தால் வலப்பக்கம் போகும். ஏற்றத்தில் கிடக்கும் பந்து உயரமாகப் போய்க் குறைவாக விழும். இறக்கத்தில் கிடக்கும் பந்துதான் ஆளைக் கவிழ்ப்பது: அது எழும்பவே மறுக்கும். இறக்கத்தில் நின்றுகொண்டு நீண்ட தூர மட்டையான ஃபேர்வே உட்டை எடுத்து ஓடையைத் தாண்டப் பார்ப்பவரின் வெற்றி வாய்ப்பு, மட்டத்தரையில் அவர் கணித்த பத்துக்கு ஐந்து அல்ல; இரண்டு என்று வைத்துக்கொண்டு மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் போட்டால் விடை தானே வரும். லே-அப் செய்யும்போதும் தூரத்தைவிடத் தரையின் மட்டத்தைப் பாருங்கள். கொடியிலிருந்து 110 கெஜத்தில் மட்டமான புல் கிடைத்தால், 60 கெஜத்தில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்பதைவிட அது நல்லது. தரை இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் இருந்தால் மட்டும் கிட்டப் போவதே லாபம். 'எனக்குப் பிடித்த நூறு கெஜம்' என்று தேவையில்லாமல் பின்தங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் நஷ்டப்படுகிறார்கள்.

லே-அப் செய்யும்போது இன்னொரு பிழையும் நடக்கிறது. சுமாராக அடித்தால் பந்து எங்கே நிற்கும் என்று பார்த்துக் கிளப்பை எடுக்கிறார்கள். மெல்லிய காற்றும் இறக்கமும் சேர்ந்து, நன்றாகப் பட்ட பந்து உருண்டு ஓடைக்குள் போய்விடுகிறது. நன்றாகப் பட்டால் எதுவரை ஓடும் என்று பார்த்துத்தான் கிளப்பை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு முழு வீச்சோடு அடிக்க வேண்டும். பாதுகாப்பான கிளப்பைப் பயந்த கையோடு தடவுவது துணிச்சலைவிட அதிக ஷாட்டைத் தின்னும்.

கண்ணுக்குத் தெரியாத ஃபேர்வேக்கு அடிக்கையில் மட்டைப் பையைச் சுமந்து கூட வரும் உள்ளூர்க் கேடியின் (caddie) பேச்சை முழுதாக வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கேடியிடம் யோசனை கேட்க விதி அனுமதிக்கிறது. 'சார், அந்த ஒத்தை மரத்துக்கு எடது பக்கம் எவ்ளோ போனாலும் பரவால்ல, வலதுல மட்டும் விட்ராதீங்க' என்று அவர் சொல்கிறபோது, மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வரியில் விடை கிடைத்துவிடுகிறது. மூடுபனி இறங்கினாலும் இதே முறைதான்: பந்து விழும் இடம் தெரியும் தூரத்துக்கு மட்டும் அடியுங்கள்.

கொடைக்கானலில் ஃபேர்வேயில் காட்டுமாடுகள் மேய்வது புதிதல்ல. அவற்றின் பக்கத்தில் பந்து போய் நின்றால் துணிச்சலுக்கே இடமில்லை. ஆபத்தான விலங்கின் அருகே கிடக்கும் பந்துக்குப் பெனால்ட்டி இல்லாத விடுதலை விதியிலேயே இருக்கிறது.

போட்டியின் வகையைப் பாருங்கள்

ஸ்ட்ரோக் பிளேயில் ஒவ்வொரு ஷாட்டும் கார்டில் ஏறும்; ஒரு குழியில் எடுத்த ஒன்பது கடைசிவரை கூடவே வரும். குழிக்குக் குழி புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்டில், ஹேண்டிகேப் (திறனுக்கேற்ற ஷாட் சலுகை) கழித்து டபுள் போகி, அதாவது பாரைவிட இரண்டு அதிகம் எடுத்தாலும் பூஜ்யம், அதற்கு மேல் எடுத்தாலும் பூஜ்யம். நஷ்டத்துக்கு அடித்தளம் இருப்பதால் அங்கே கொஞ்சம் கூடுதலாகத் துணியலாம். குழிக்குக் குழி வெற்றியைக் கணக்கிடும் மேட்ச் பிளேயில் எதிராளியின் பந்து எங்கே கிடக்கிறது என்பதே முடிவைச் சொல்லும்: அவர் புதருக்குள் இருந்தால் நடுவில் போட்டு நடந்து போங்கள், அவர் கொடியை ஒட்டி நின்றால் நீங்களும் கொடியைப் பாருங்கள், ஏனெனில் அதிகபட்ச இழப்பு அந்த ஒரு குழிதான். ஹேண்டிகேப் 18 உள்ளவருக்கு ஒவ்வொரு குழியிலும் ஒரு ஷாட் சலுகை உண்டு. பார் 4 குழியில் ஐந்து எடுத்தாலே அவர் தன் பாரை அடித்துவிட்டார். நான்கில் முடிக்கத் தவித்து ஏழு எடுப்பது அவருக்குத் தேவையில்லாத சாகசம்.

1999-இல் கார்னோஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனை இதற்காகவே நினைவுகூர வேண்டும். பிரான்சின் ழான் வான் டி வெல்ட் கடைசிக் குழிக்கு மூன்று ஷாட் முன்னிலையோடு வந்தார். ஆறு எடுத்தாலே கோப்பை அவருக்கு. மிக நீளமாக அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்ததற்காக எல்லோரும் அவரைக் குறைசொல்கிறார்கள். அந்தப் பந்து வலப்பக்கம் விலகினாலும் ஆடக்கூடிய இடத்தில்தான் நின்றது. இரண்டாவது ஷாட்டை இரண்டாம் எண் அயர்னால் கிரீனுக்கே அடித்ததும், பார்வையாளர் மேடையில் மோதித் திரும்பிய பந்தை அடர்ந்த ரஃபிலிருந்து ஓடையைத் தாண்டி அடிக்கப் பார்த்ததும்தான் என் பார்வையில் பிழை. ஏழில் முடித்தார், சமநிலையைத் தீர்க்கும் பிளே-ஆஃபில் பால் லாரி வென்றார். முன்னிலையில் இருப்பவருக்குச் சமவாய்ப்புள்ள பந்தயம்கூட நஷ்டம்.

அமெரிக்க வீரர் ஃபில் மிக்கெல்சன் 2010 மாஸ்டர்ஸ் போட்டியில் பதின்மூன்றாம் குழியில் இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே ஓடையைத் தாண்டி அடித்த ஷாட்டைத்தான் யூகலிப்டஸ் மரங்களுக்குள் மாட்டிக்கொள்ளும் ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதே மிக்கெல்சன் 2006 அமெரிக்க ஓப்பனின் கடைசிக் குழியில் ஒரு ஷாட் முன்னிலையோடு நின்று, டிரைவரில் தொடங்கி டபுள் போகியில் முடித்துக் கோப்பையை விட்டதை யாரும் நினைப்பதில்லை. மரங்களுக்குள் இருந்தால் பக்கவாட்டில் தட்டி ஃபேர்வேக்கு வாருங்கள். விலை ஒரு ஷாட்டுக்குள் முடிந்துவிடும்.

கிரீனில்

சுற்றிலும் மலை இருப்பதால் கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் கண் ஏமாறும். தட்டையாகத் தெரிவது இறக்கமாக இருக்கும். ஆகவே கிரீனுக்கு வரும் ஷாட்டிலேயே பந்தைக் குழிக்குக் கீழ்ப்பக்கம் விட முயலுங்கள். மேலே மூன்றடியில் இருப்பதைவிடக் கீழே ஆறடியில் இருப்பது பல கிரீன்களில் நல்ல பேரம். மாடோ காட்டுவிலங்கோ மிதித்த குளம்புத் தடம் பட்டிங் பாதையில் இருந்தால் அதைச் சரிசெய்துகொள்ள 2019 விதிகள் அனுமதிக்கின்றன.

அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றில் ஆடுபவர்களே எட்டடி பட்டிங்கில் ஏறக்குறைய பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். அதனால் இருபதடியிலிருந்து வரும் இறக்கப் பட்டிங்கை உள்ளே போடும் வேலையாக எடுத்துக்கொள்ளாமல், குழியின் விளிம்பில் வந்து நிற்கும் வேகத்துக்கு மட்டும் ஆடுங்கள். ஏற்றப் பட்டிங்கில் குழியைத் தாண்டி ஓரடி போகும் வேகத்தில் தைரியமாக அடிக்கலாம். தவறினாலும் திரும்பி வருவது ஓரடி தூரம்தான்.