ஹோமோன் இரத்தப் பரிசோதனை: எதை எந்த நாளில் செய்வது?

பிள்ளைக்காக முயலும்போது வெள்ளவத்தையிலோ பொரளையிலோ ஒரு லேப்புக்குப் போய் "எல்லா ஹோமோனும் பார்க்கவேணும்" என்றால் உடனே இரத்தம் எடுத்துவிடுவார்கள். ஆனால் மாதவிடாய்ச் சுழற்சியின் எந்த நாளில் எடுத்தது என்று தெரியாத எஃப்.எஸ்.எச் (சூலகத்தில் முட்டையை வளரவைக்கும் ஹோமோன்) அளவை வைத்து டொக்டரால் பெரிதாக ஒன்றும் சொல்ல முடியாது. காசும் போய், ஒரு மாதமும் வீணாகும்.

1. முதலாம் நாளைக் குறியுங்கள். லேசாகக் கறை படுவது கணக்கில்லை. இரத்தப்போக்கு சரியாகத் தொடங்கும் நாளே முதலாம் நாள்.

2. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் எஃப்.எஸ்.எச், எல்.எச் (முட்டையை வெளியேறத் தூண்டும் ஹோமோன்), எஸ்ட்ரடியோல் (சூலகம் சுரக்கும் பெண் ஹோமோன்) மூன்றுக்கும் சேர்த்து இரத்தம் கொடுங்கள். எஸ்ட்ரடியோல் கூடியிருந்தால் அது எஃப்.எஸ்.எச்சை அமுக்கி வைக்கும். எஃப்.எஸ்.எச்சை மட்டும் பார்த்தால் எல்லாம் சரி என்றே தோன்றும். இந்த நாட்கள் போயா லீவிலோ ஞாயிறிலோ விழுந்தால், லேப் திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கோல் எடுத்துக் கேளுங்கள்.

3. டி.எஸ்.எச் (தைரொயிட்டைத் தூண்டும் ஹோமோன்), ஏ.எம்.எச் (சூலகத்தின் முட்டை இருப்பைக் காட்டும் ஹோமோன்) இரண்டையும் எந்த நாளிலும் செய்யலாம். பால் சுரக்கவைக்கும் ஹோமோனான புரொலக்டினுக்கு எழும்பிய கையோடு ஓடாதீர்கள். தூக்கத்தில் அது கூடும், பதற்றத்திலும் கூடும். எழும்பி இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் போய், கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டுக் கொடுங்கள்.

ஏ.எம்.எச் குறைவு என்று ரிப்போர்ட்டைப் பார்த்து அழும் பெண்கள் அதிகம். தயவுசெய்து இடிந்துபோகாதீர்கள். அது சூலகத்தில் மிஞ்சியிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கைக்கு ஒரு குறிப்பு மட்டுமே. முட்டையின் தரத்தையோ, இயற்கையாகக் கருத்தரிக்குமா என்பதையோ அது சொல்லாது. அலகையும் பாருங்கள்: ஒரு லேப்பில் மில்லிலீற்றருக்கு 1 நனோகிராம் என்று வருவது, இன்னொரு லேப்பில் லீற்றருக்கு ஏறத்தாழ 7 பிக்கோமோல் என்று வரும். இரண்டும் ஒரே அளவுதான்.

4. புரொஜெஸ்டரோன், முட்டை வெளியானதா என்று பார்க்க. "21ஆம் நாள் டெஸ்ட்" என்பார்கள்; அது 28 நாள் சுழற்சிக்குத்தான் சரி. அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு என்பதே கணக்கு. உங்களுக்கு 35 நாளுக்கு ஒருமுறை வருமென்றால் 28ஆம் நாள் போங்கள். ஒழுங்கில்லாமல் வருபவர்கள் டொக்டரிடம் நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

5. முடி வளர குடிக்கும் பயோட்டின் குளிசை சில ஹோமோன் முடிவுகளைப் பிழையாகக் காட்டவைக்கும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். கூடிய டோஸ் என்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். கருத்தடைக் குளிசை, தைரொயிட் மருந்து எடுப்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த ஹோமோன் பரிசோதனைகளுக்கு வெறும் வயிறு தேவையில்லை. டொக்டர் சீனி டெஸ்டோ இன்சுலின் டெஸ்டோ சேர்த்து எழுதியிருந்தால் தேவை.

6. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளை தங்கவில்லை என்றதும் பெண்ணை மட்டும் லேப் லேப்பாக அலையவிடுவது அநியாயம். அவருக்கான விந்துப் பரிசோதனை சுலபமானது. இரண்டிலிருந்து ஏழு நாள் உறவில்லாமல் இருந்து மாதிரி கொடுத்தால் போதும். ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டால், உங்களுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவருமாக டொக்டரைப் பாருங்கள்.